சுவிட்சில் மாட்டிய தொப்பி

பழிவாங்குவதற்காகவும் கல்லூரியில் சேரலாம் என்று எந்த அரசு விளம்பரத்திலும் போடவில்லை. பேருந்துகளின் முதுகில் ஒட்டியிருந்த படங்களில் தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் எங்கேயோ தூரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, தொழில் கற்று உயருங்கள் என்று எழுதியிருந்தது. அந்தப் பேருந்தில் ஏறி, அந்தக் கல்லூரியின் சேர்க்கை மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்த மடிப்பக்காவுக்கு உயர்வதில் பெரிய ஆசை கிடையாது. ஒரு மனிதரைத் தலைகுனிய வைக்க வேண்டும். அதற்குப் படிப்பு தேவைப்பட்டது.

மடிப்பக்கா என்பது சலவைக் கூடத்தில் வைத்த பெயர். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்கும் கூடம் அது. துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு, கடைசியில் மடிப்பு மேசைக்கு வரும். மடிப்பது இரண்டு பெண்களின் வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து விலகி நிற்பார்கள், உதறுவார்கள், எதிரெதிராக நடந்து வருவார்கள். கைகள் சேரும் இடத்தில் ஒரு வாக்கியம் பேசலாம். அடுத்த வாக்கியம் அடுத்த விரிப்புக்கு. ஒரு வீட்டுச் சண்டையை முழுதாகச் சொல்லி முடிக்க மதியம் ஆகிவிடும். சுருக்கமாகப் பேசுவதும் நீண்ட நேரம் காத்திருப்பதும் அந்த மேசையில் அவளுக்குப் படிந்த குணங்கள்.

அவள் கணவர் அதே கூடத்தில் ரோலர் மெஷினில் நின்றார். மெஷின் பெரியது. ஈர விரிப்பு சில நேரம் உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்போது மெஷினை நிறுத்திவிட்டு, உருளைகளுக்கு நடுவே கைவிட்டுத் துணியைப் பிய்த்தெடுக்க வேண்டும். ஆவியும் ஈரமும் படும் என்று மெயின் சுவிட்சைச் சுவருக்கு அந்தப் பக்கம், நடைவழியில் வைத்திருந்தார்கள். உள்ளே கைவிட்டவனுக்குச் சுவிட்ச் தெரியாது. சுவிட்ச் பக்கம் வருபவனுக்குக் கைவிட்டவன் தெரியமாட்டான். ஆகவே கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது: சுவிட்சை அணைத்தவன் தன் தொப்பியைக் கழற்றி அதன் பிடியில் மாட்டிவிட்டுப் போவான். தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். கம்பெனி கொடுத்த வெள்ளைத் தொப்பி. எல்லோருக்கும் ஒரே தொப்பி. அந்த வழக்கத்தின் ஓட்டை அங்கேதான் இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு நாள் காலை அவர் துணியைப் பிய்க்கப் போனார். சுவிட்சை அணைத்தார், தொப்பியை மாட்டினார், கையை விட்டார். உருளைகள் சுழன்றன. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அலறல் கேட்டு நடைவழியிலிருந்து முதலில் ஓடிவந்தவர் ஃபோர்மேன். அவர் தலையில் தொப்பி இருந்தது. பதற்றத்தில் அதைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். உட்புறப் பட்டையில் சிவப்பு நூல் தையல் ஓடுவதை மடிப்பக்கா பார்த்தாள். நெற்றி உறுத்துகிறது என்று கணவர் சொன்னதற்காக அவள் கையால் போட்ட தையல் அது.

விசாரணையில் அதைச் சொன்னாள். மேலாளர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் பொறுமையாகச் சிரித்தார்.

"சுவிட்ச்ல தொப்பியே இல்ல சார். இருந்தா நான் தொடுவேனா? அவன் மாட்ட மறந்துட்டான். பாவம், இந்தம்மா என்னமோ நூலுங்குது, தையலுங்குது. துணி மடிக்கிறவளுக்கு மெஷினப் பத்தி என்னம்மா தெரியும்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நடைவழியின் மறுகோடியில் வேலை பார்க்கும் பாய்லர்காரரும் சிரித்தார். அந்தத் தொப்பியைக் கொண்டுவரச் சொன்னபோது அது துவைக்கப் போய்விட்டது என்றார்கள். நூற்றுக்கணக்கான தொப்பிகளோடு போன அது திரும்பி வரவில்லை. சலவைக் கூடத்தில் ஒரு துணியைத் தொலைப்பது எளிது.

கணவரின் கவனக்குறைவு என்று தீர்ப்பானது. அவர் வேலை போயிற்று. பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. சீருடையோடு வந்த தொப்பியை அவர் ஒருநாளும் போடவில்லை; வெயிலில் வெறுந்தலையோடு நின்றார். பாய்லர்காரர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார். சைக்கிளின் வேகத்தைக் குறைத்து, "என்னண்ணே, இன்னிக்கும் தொப்பிய மறந்துட்டீங்களா?" என்பார். சொன்னவருக்கு அது வெறும் கிண்டல். விரல் போனதற்குக்கூடக் கணவர் ஒருவழியாகப் பழகிக்கொண்டார். இந்தக் கேள்விக்குப் பழகவில்லை. விரல் போன கதையில் அவர் பிழைசெய்தவராக இருந்தார். அதுதான் ஆறவில்லை.

"நான் மாட்டினேன்" என்று ஒருநாள் சாப்பாட்டின் நடுவே யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "மாட்டினேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

மடிப்பக்கா அன்றுதான் முடிவு செய்தாள். அந்த ஃபோர்மேன் வாயால், அன்று சிரித்தவர்கள் காதுபட, தொப்பி இருந்தது என்று சொல்ல வைக்க வேண்டும்.

அந்த ஆண்டுதான் சமுதாயக் கல்லூரிகளைப் பெருக்கினார்கள். புதிய தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. மெஷின்கள் வந்த வேகத்துக்கு அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் கிடைக்கவில்லை. அதுவரை கல்லூரி என்றால் தலைநகரில், பகலில், பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு. வேலைக்குப் போகும் யாருக்கும் அது நிலாவில் இருந்ததற்குச் சமம். இப்போது வயது வரம்பை எடுத்தார்கள். எட்டாவது படித்தவர்களைச் சேர்த்தார்கள். மாலை வகுப்பு வைத்தார்கள். பேட்டைக்கு ஒரு கிளை என்றார்கள். இந்தப் பேட்டைக்குக் கட்டடம் கிடைக்காமல், மூடிக்கிடந்த சினிமா தியேட்டரைப் பிடித்தார்கள். சரிந்து இறங்கும் இருக்கைகள் அப்படியே இருந்தன. திரை இருந்த மேடையில் பழைய மெஷின்களை வரிசையாக நிறுத்தினார்கள். அரசாங்கம் செய்வது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் யார் யார் எதற்கெல்லாம் உள்ளே வருவார்கள் என்பதை எந்தத் திட்டமும் முன்கூட்டி அறிவதில்லை.

வீட்டில் நாத்தனாரும் இருந்தாள், கணவரின் தங்கை. வாய் ஓயாது.

"அண்ணி, இந்த வயசுல சினிமா கொட்டாய்க்குப் போறேன்னு கிளம்பினா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"படிக்கப் போறேன்டி."

"அதான் இன்னும் மோசம். படம் பாக்கன்னாலாவது நானும் வருவேன்."

சொன்னாளே தவிர, அண்ணி வகுப்புக்குப் போன மாலைகளில் அடுப்படியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே, "மோட்டார்னா என்ன அண்ணி, சொல்லுங்க, நானும் பாஸாகிறேன்" என்பாள்.

மடிப்பக்கா படித்தாள். நல்ல மாணவி என்று சொல்ல முடியாது. கணக்கில் தடுமாறினாள், வரைபடங்களைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு பாடத்தில் மட்டும் வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி இருந்தாள். அது பூட்டுப் பாடம். மெஷினில் கைவைப்பவன் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவிட்சைப் போட முயன்று, அது அசையாததைப் பார்த்த பின்பே கைவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பூட்டு. முதல் தடவை அதைக் கேட்ட மாலை அவள் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். இவ்வளவு சின்னப் பொருளா குறைந்தது என்ற எண்ணம் அவளை நடக்க வைத்தது.

படிப்பு முடிந்ததும் வேறொரு பெரிய சலவை நிறுவனம் பராமரிப்பு வேலைக்கு அழைத்தது. நல்ல வேலை. அவள் போகவில்லை. கல்லூரியிலேயே செய்முறைப் பயிற்றுநராகக் குறைந்த சம்பளத்துக்கு இருந்துவிட்டாள். காரணம் யாருக்கும் தெரியாது. மருத்துவமனைத் துணி எடுக்கும் கூடங்களின் மேற்பார்வையாளர்கள் எல்லோரும் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் வரப்போவதாக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்லியிருந்தார். இந்தப் பக்கத்தில் அதற்கு இருந்த ஒரே இடம் இந்தத் தியேட்டர். ஃபோர்மேன் வந்தே ஆக வேண்டும்.

ஆண்டு விழாவில் கல்லூரி முதல்வர் மேடையேறி, நல்ல வேலையை உதறிவிட்டு ஏழை மாணவர்களுக்காகத் தங்கிய தியாகி என்று அவளைப் பாராட்டினார். கைதட்டினார்கள். அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

காத்திருந்த காலத்தில் பூட்டுப் பாடத்தை அவளே நடத்தினாள். பூட்டைப் போட மறந்தவனை வரிசையின் கடைசிக்கு அனுப்புவாள்; இரண்டாம் தடவை மறந்தால் வீட்டுக்கு. அவளிடம் படித்தவர்கள் வேலைக்குப் போன இடங்களில் பூட்டில்லாமல் மெஷினைத் தொட மறுத்தார்கள், முதலாளி கத்தினாலும். வன்மத்துக்கு இப்படி ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு. அதற்காக வன்மத்தை நல்லது என்று சொல்லிவிட முடியாது. அவளும் அப்படிச் சொன்னதில்லை.

சட்டம் வந்தது. அடுத்த பருவத்தில் மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். ஃபோர்மேன் தலை நரைத்து, தொப்பை விழுந்து, கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். பக்கத்தில் பாய்லர்காரர், அவருக்கும் சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்தக் கூடத்திலிருந்து இன்னும் சில முகங்கள்.

மேடையில் அவளைப் பார்த்ததும் ஃபோர்மேன் ஒரு கணம் எழப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, நீயா? துணி மடிச்சுக்கிட்டிருந்தியே!"

"இங்க எல்லாரும் வாங்க, போங்கதான் சார். உக்காருங்க."

பருவம் முழுக்க அவர் ஒழுங்காக வந்தார். வெடிச்சிரிப்போடு பதில் சொன்னார், பலதும் சரியாகவே சொன்னார். முப்பது வருஷம் மெஷினோடு கிடந்தவர்; முட்டாளில்லை. விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. செய்முறைத் தேர்வு நாள் வந்தது.

அன்று வகுப்புக்கு முன் அவள் பழைய படம் ஓட்டும் அறைக்குப் படியேறிப் போய் இறங்கி வந்தாள். மேடையில் ரோலர் மெஷின். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மெயின் சுவிட்ச். மேடையில் நிற்பவர்களுக்கு மறுபக்கம் தெரியாது. சரிந்த இருக்கைகளில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அந்த இடத்தை அவளே தேர்ந்தெடுத்து மெஷினை நிறுத்தியிருந்தாள்.

ஃபோர்மேனைக் கூப்பிட்டாள். மற்றவர்களுக்கு நீட்டிய பூட்டை நீட்டவில்லை. ஒரு வெள்ளைத் தொப்பியை நீட்டினாள். உட்பட்டையில் அவளே புதிதாகப் போட்ட சிவப்பு நூல் தையல்.

"இதை சுவிட்ச்ல மாட்டிட்டு ரோலர்ல கை வைங்க சார்."

அரங்கில் சலசலப்பு நின்றது. ஃபோர்மேன் தொப்பியைப் புரட்டிப் பார்த்தார். நூலைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு இருக்கைகளின் பக்கம் திரும்பினார்.

"மாட்டேன் டீச்சர். தொப்பிய நம்பி கை வைக்கக் கூடாது. பூட்டு வேணும். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

யாரோ கைதட்டினார்கள். சரியான பதில். அவள் நடத்திய பாடமே அவருக்குக் கேடயமாகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பின்னிய வலையிலிருந்து அவர் பல்லைக் காட்டிக்கொண்டே வெளியேறி நின்றார். 

பிறகு தொப்பியை அவளே எடுத்தாள்.

"சரியான பதில் சார். இப்ப நான் செய்யறேன்." தடுப்பைச் சுற்றிப் போய்ச் சுவிட்சை அணைத்து, அதில் தொப்பியை மாட்டினாள். "நீங்க சுவிட்ச் கிட்ட வந்து நில்லுங்க."

திரும்பி வந்து, வலது கையை முழங்கை வரை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டாள்.

"அன்னிக்கு டீ குடிச்சிட்டு நடைவழியில வந்தீங்க. மெஷின் நின்னுக்கிட்டிருந்துச்சு. என்ன பண்ணீங்களோ, அதையே இப்பவும் பண்ணுங்க."

"ஏய், என்னம்மா இது! கைய எடு!"

"வாங்க, போங்க."

"கைய எடுங்க டீச்சர்!"

"சுவிட்ச்ல தொப்பி இருக்கா சார்?"

ஃபோர்மேன் இருக்கைகளின் பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரியல சார், தடுப்பு மறைக்குது. அன்னிக்கு அவருக்கும் தெரியல. இருக்கா, இல்லையா? இல்லைன்னா மெஷினைப் போடுங்க."

இருக்கைகளில் இருந்தவர்கள் இருவரையும் பார்த்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் உருளைகளுக்குள் ஒரு கை. அந்தப் பக்கம் ஒரு தொப்பியின் முன்னால் ஒரு மனிதர். பாய்லர்காரர் இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். ஃபோர்மேனின் கை உயர்ந்தது. சுவிட்சுக்குப் போகவில்லை, தன் தலைக்குப் போனது, அங்கே இல்லாத ஒன்றைத் தடவியது.

"இருக்கு" என்றார்.

"இன்னிக்கா, அன்னிக்கா?"

"அன்னிக்கும் இருந்துச்சு." குரல் உடைந்து வந்தது. "என் தொப்பின்னு நினைச்சேன். காலையில நானும் மாட்டியிருந்தேன், எடுத்தேனா எடுக்கலையான்னு நினைப்பில்ல. எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே. எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு சுவிட்சப் போட்டேன். அப்புறம் ரூமுக்குப் போனா என் தொப்பி ஆணியில தொங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... சொல்லல."

அவள் கையை வெளியே எடுத்தாள். கழுத்தில் கயிற்றில் மாட்டியிருந்த சாவியை இருக்கைகளுக்குக் காட்டினாள். மேலே, படம் ஓட்டும் அறையில், மேடைக்கு மின்சாரம் அனுப்பும் மின்பலகையில் வகுப்புக்கு முன்பே தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஃபோர்மேன் சுவிட்சை எத்தனை முறை போட்டிருந்தாலும் உருளை அசைந்திருக்காது.

"தொப்பியை நம்பி நான் கை விடல" என்றாள் வகுப்பைப் பார்த்து. "அடுத்து. சார், இப்ப பூட்டோட செஞ்சு காட்டுங்க."

அவர் செய்தார். அணைத்தார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், நேரே மெஷினுக்கு வந்துவிட்டார். சுவிட்சைப் போட முயன்று பார்க்கவில்லை. அந்த நிலையில் யாரும் மறந்திருப்பார்கள். வேறொரு பயிற்றுநர் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

"பெயில்" என்றாள் மடிப்பக்கா. "அடுத்த பருவம் முழுசா வாங்க."

மறுநாள் காலை பாய்லர்காரர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை விட்டு இறங்கினார். வழக்கமான கேள்வி வரவில்லை.

"அண்ணே, தொப்பி இருந்துச்சாமே."

கணவர் கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா? யாரு சொன்னா?"

"ஃபோர்மேனே சொன்னாரு. எல்லாரும் கேட்டோம்."

"நான் சொன்னப்போ காதுல பஞ்சு வெச்சிருந்தியா?"

"தப்புதாண்ணே. குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

"உள்ளதான் இருக்கு. கேட்டு பூட்டியிருக்கு."

சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது. பாய்லர்காரர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வீட்டில் அந்தக் கதை பல நாள் ஓடியது. கணவர் தினமும் ஒரே இடத்தைக் கேட்பார்.

"இருக்குன்னு சொன்னப்போ மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவள் சொல்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். நாத்தனார் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பையைத் தள்ளி, "என் தொப்பின்னு நினைச்சேன்..." என்று அழுது காட்டுவாள். மூவரும் மூச்சுவாங்கச் சிரிப்பார்கள். மன்னிப்பைப் பற்றி நிறையப் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பருவம் முடிந்து விடுமுறை விட்டபோது முதல்வர் அவளை அறைக்கு அழைத்தார். அந்தப் பெரிய சலவை நிறுவனம் மறுபடி கேட்டிருந்தது. இந்த முறை இன்னும் பெரிய பதவி.

"போயிடுங்கம்மா. இங்க நீங்க செஞ்சது போதும். எத்தனை பேரைத்தான் கரையேத்துவீங்க?"

"இப்ப முடியாது சார்."

"ஏன்?"

"இன்னும் ஒருத்தர் பாஸாகல சார்."

முதல்வர் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.